பத்து மீட்டர் பாடு

புந்தோங், ஈப்போ.
வியாழக்கிழமை, மழைக்கு முன்.

பத்து காஜாவில் வாழும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி இராஜசிங்கம் அவர்களுக்கும், அன்பிற்குரிய சம்பந்தியம்மா சரோஜாதேவி அவர்களுக்கும், புந்தோங் ராக்காயி எழுதிக்கொள்வது. இங்கே நான், நம் பேத்தி தர்மினி, கேட் ஓரத்தில் மிச்சமிருக்கும் மண்மேடு ஆகிய மூவரும் நலம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, தங்கள் வெள்ளைக் கார் ஆகிய மூவரும் நலமாக இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். தங்கள் இடுப்பு வலி இறங்கிவிட்டதா? தைலம் தேய்த்தால் மேலிருந்து கீழே தேய்க்க வேண்டும், கீழிருந்து மேலே தேய்த்தால் வலி கழுத்துக்குப் போய்விடும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் தாங்கள், ஆமாம் என்பதற்கு உங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு "ஓம்" போட்டு, மூன்றாவது "ஓம்" முடிவதற்குள் போனை சம்பந்தியம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். வாட்சப்பில் குரல் அனுப்பினாலோ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறீர்களாம், தர்மினி சொன்னாள். என் குரல் அதில் அணில் கத்துவது போல இருக்குமாம். கடிதத்தை யாரும் வேகமாக ஓட்ட முடியாது. மேலும் நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான் என்றாலும், கோலா கங்சார் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த ஐந்தாம் வகுப்புக்கு முதல் மாணவி நான். வகுப்பில் மொத்தமே மூன்று பேர் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மூன்று பேரில் முதல் என்றாலும் முதல் முதல்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை தாங்கள் மறுபடியும் வந்து தர்மினியைப் பத்து காஜாவுக்கே அழைத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தையும் மாற்றிவிடப் போவதாக, மாப்பிள்ளை திருக்குமரன் நேற்று ஜொகூரிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். என் மகள் புஷ்பலதா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. ஃபிசிக்ஸ் பரீட்சையில் பிள்ளைக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. பரப்பளவையும் கன அளவையும் ஒரு அலகிலிருந்து இன்னொரு அலகுக்கு மாற்றத் தெரியவில்லை, முதல் கேள்வியில் சறுக்கி அதே சறுக்கலில் எல்லாக் கேள்வியும் போச்சு என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தாராம். "அத்தை, அப்பா தண்ணி இலாகாவுல பெரிய எஞ்சினியரா இருந்தவர். அவர் பக்கத்துல இருந்தா பிள்ளைக்கு நல்லது. ஐந்தாம் வகுப்பு படிச்ச..." என்று சொல்லி, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். நல்ல பிள்ளை. பாதியில் நிறுத்தும் மரியாதையை நீங்கள்தான் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். மீதிப் பாதியை நானே போட்டுக்கொண்டேன்.

தர்மினி ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு இருக்கிறவள். போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. பெட்டியை அடுக்கினாள். ஹாக்கி மட்டையைக் கடைசியாக உள்ளே வைத்தாள், பிறகு எடுத்தாள், பிறகு வைத்தாள். இங்குள்ள பள்ளியில் அவள்தான் கோல் காக்கிறவள், அடுத்த மாதம் மாநிலப் போட்டி. ஒரு பந்தையும் உள்ளே விடாத பிள்ளை, தன்னை வெளியே கொண்டுபோவதைத் தடுக்க வாயைத் திறக்கவில்லை என்றால், அது எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்துப் பாருங்கள். அதனால் நடந்ததெல்லாம் யாரால் நடந்தது என்று நானே எழுதுகிறேன். முப்பத்தெட்டுக்கும் நான்தான் காரணம், மண்ணுக்கும் நான்தான் காரணம். பிள்ளைக்கு இதில் துளி சம்பந்தமும் கிடையாது.

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் "சத்து மீட்டர் பெர்செகி, சத்து மீட்டர் பாடு" என்று நடந்து நடந்து படித்துக்கொண்டிருந்தாள். மலாயில் சத்து என்றால் ஒன்று, பெர்செகி என்றால் சதுரம், அது எனக்குத் தெரியும். இந்தப் பாடு எங்கிருந்து வந்தது? "யாரைம்மா பாடு பாடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கே? நான் வேணா ஒரு முருகன் பாட்டு பாடவா?" என்றேன். "அம்மாச்சி! பாடுன்னா மலாய்ல கன அளவு லா. நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கினா வருமே, அது." "அப்ப மூணு பேர் கையில மாட்டிக்கிட்டு ஒரு மீட்டர் படுற பாடுன்னு சொல்லு." "ஆமா, அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். சிரித்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. என் தையல் டேப்பை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி, "இங்க பாரு, இந்தப் பக்கம் நூறு சென்டிமீட்டர், அதுதான் ஒரு மீட்டர். அது சதுரமா நின்னா என்ன, பாடா படுத்துக் கிடந்தா என்ன? மீட்டருக்கு நூறுதான். மனுசன் உக்காந்தா ரெண்டு பேரா ஆயிருவானா?" என்றேன். மறுநாள் பரீட்சையில் அவள் பாட்டுக்குச் சதுரத்துக்கும் நூறு, பாடுக்கும் நூறு என்று எழுதிவிட்டு வந்தாள். "அந்த நேரத்துல என் காதுல ஒங்க குரல்தான் அம்மாச்சி கேட்டுச்சு" என்றாள். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நான் அன்றைக்கு ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

சம்பந்தி வீட்டார் பிள்ளையை அழைத்துப்போக வருகிறார்கள், வாசல் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று, வீட்டு முன் நடைபாதையான அஞ்சடிக்கு டைல்ஸ் போட நினைத்தேன். பெயர்தான் அஞ்சடி, என் வீட்டு முன்னால் அது மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். மூன்றையும் இரண்டையும் பெருக்கி ஆறு மீட்டர் பெர்செகி என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடை முதலாளியான சீனத் தௌக்கே, "எத்தன ஸ்குவேர் ஃபீட், அம்மா?" என்று கேட்டார். நான் கலங்கவில்லை. மீட்டர் என்பது என்ன? நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த கஜம். எங்கள் பள்ளிக்கூடத்தில் கஜத்துக்கு மூன்று அடி. ஆறு மூன்று பதினெட்டு. "பதினெட்டு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டாய்லெட்டா, அம்மா?" "டாய்லெட் இல்ல லா, அஞ்சடி! பெரிய அஞ்சடி!" "சிக்கிட் அம்மா, சிக்கிட்" என்று தலையை ஆட்டினார். கொஞ்சமாக இருக்கிறது, போதாது என்கிறார். வியாபாரி கூடுதலாக விற்கத்தானே பார்ப்பான், நாம் ஏமாறுவோமா என்று அடிக்கு அடி சதுரமான ரோஜாப்பூ டைல்ஸ் பதினெட்டை எண்ணி வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன்.

டைல்ஸ் போட வந்த இராமசாமி முதலில் அஞ்சடி மூலையில் அமுங்கிப்போயிருந்த சிமெண்டை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் உடைத்து எடுத்தான், பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு. பிறகு சுவரோரத்தில் இரண்டு வரிசை ஒட்டினான். ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, மீதி டைல் எங்க?" என்றான். "மீதியா? எல்லாம் அங்கதானே இருக்கு." அவன் கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தான். "அக்கா, இது அஞ்சடிக்கு டைல் போட்ட மாதிரி இல்ல. வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி இருக்கு." ஓடினேன் கடைக்கு. "அந்த ரோஜாப்பூ சுடா ஹபிஸ், அம்மா" என்றார் தௌக்கே. தீர்ந்துபோயிற்றாம். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் அவர் வளர்க்கும் பூனை என்னைப் பார்த்துச் சிரித்தது. திரும்பி வந்தால் இராமசாமி, "வேற டைல் கெடைச்சா கூப்பிடுங்க, வாரேன்" என்று வேறு வேலைக்குப் போய்விட்டான். வாசலில் இரண்டு வரிசை ரோஜா, ஒரு சதுரக் குழி. தாங்கள் வந்து இறங்கும்போது முதல் கால் குழியில் விழுந்தால், "எங்களைக் குழியில தள்ளுற சம்பந்தம்" என்று காலமெல்லாம் பேச்சாகிவிடுமே. யோசித்தேன். குழியை மண்ணால் நிரப்பித் துளசி வைத்துவிட்டால் அது குழி இல்லை, தோட்டம்.

இப்போது மண் கணக்கு. நீளம் ஒன்று, அகலம் ஒன்று, ஆழம் பத்து. மூன்றையும் பெருக்கு என்று தர்மினி சொன்னது நினைவில் இருந்தது. ஒன்று இன்ட்டு ஒன்று இன்ட்டு பத்து, பத்து. இதில் எங்கே தப்பு வரும் என்று நினைத்தேன். மண் லாரி வைத்திருக்கும் தனேஷுக்குப் போன் போட்டேன். "தம்பி, பூச்செடிக்கு மண்ணு வேணும். பத்து." "பத்து மீட்டர் பாடாம்மா?" "நான் எதுக்குப்பா பாடணும்? நீ மண்ணைக் கொண்டாந்து போடு." "அதில்லம்மா, பத்துப் பாடா?" "அட, பத்துப் பாட்டு பாடினாத்தான் மண்ணு குடுப்பியா?" அவனுக்கும் எனக்கும் இழுபறி ஆகி, கடைசியில் தர்மினி கையில் போனைக் கொடுத்தேன். உள்ளே லைன் சரியில்லை என்று அவள் பின்பக்கம் கொல்லைக்குப் போய் ரொம்ப நேரம் பேசினாள். திரும்பி வந்து, "பத்துன்னே சொல்லிட்டேன் அம்மாச்சி. நீங்க சொன்னதை மாத்தல" என்றாள். பெரியவர்கள் சொல்லை மாற்றாத பிள்ளை.

அதற்கு அப்புறம் நடந்தது தங்களுக்கே தெரியும் என்றாலும், என் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? போன சனிக்கிழமை தாங்கள் வந்தீர்கள், காரைக் கேட்டுக்குள் விட்டீர்கள், குழியைச் சுற்றி வந்தீர்கள், ரோஜாப்பூ இரண்டு வரிசையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. செருப்பைக் கழற்றி ரோஜா மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டீர்கள். பெட்டி காரில் ஏறியது. மட்டையும் ஏறியது. தாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு சத்தம். பக்கத்துச் சுண்ணாம்பு மலைதான் சரிந்துவிட்டதோ என்று நான் தாலிச்சரட்டைப் பிடிக்கக் கழுத்தைத் தடவினேன், என் வீட்டுக்காரர் போய் எத்தனையோ வருசமாயிற்று என்பதுகூட அப்போது ஞாபகம் இல்லை. ஓடி வந்து பார்த்தால், கேட் இருந்த இடத்தில் கேட் இல்லை. சிவப்பு மலை ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் பத்துச் சக்கர லாரி, அதற்கு மேல் தனேஷின் தலை. "அம்மா! பத்து! கணக்கு சரியா இருக்கு! வேற லோடு இருக்கு, வாரேன்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். தர்மினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தாங்கள்கூடப் பார்த்துவிட்டு, "பிள்ளை அழுகுது, ஒருத்தரும் ஒண்டும் கேக்காதேங்கோ" என்று சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக, அதற்கு அப்புறம் தாங்கள் என்னைச் சொன்ன எல்லாச் சொல்லையும் மன்னித்துவிட்டேன்.

ஆனால் பரப்பு விஷயத்தில் என் மேல் தப்பே கிடையாது. தாங்கள் குழிக்கு முன்னால் நின்றுகொண்டு, "அம்மா, உந்தக் குழிக்கு எவ்வளவு மண் வேணும் எண்டு எப்பிடிக் கணக்குப் பாத்தனீங்கள்? முதல்ல பரப்பு! பரப்பு! அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்!" என்று கையை நீட்டிச் சொன்னீர்கள். சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனீர்கள். எங்கள் பக்கத்தில் பரப்பு என்றால் பரப்பு. நெல்லைப் பரப்பு, வத்தலைப் பரப்பு. சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லி நாம் செய்யாமல் இருப்பதா என்று மண்வெட்டியை எடுத்துப் பரப்ப ஆரம்பித்தேன். குழி நிரம்பிற்று, ரோஜாப்பூ மறைந்தது, தங்கள் செருப்பும் மறைந்தது. தாங்கள் வெளியே வந்து, "ஐயோ, என்ன செய்யிறியள்?" என்றீர்கள். "நீங்கதான பரப்பச் சொன்னீங்க?" "நான் பரப்பு எவ்வளவு எண்டெல்லோ கேட்டனான்! நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிற பரப்பு!" அப்புறம்தான் சம்பந்தியம்மா எனக்கு விளக்கினார்கள், உங்கள் யாழ்ப்பாணத்தில் காணியைக்கூடப் பரப்புக் கணக்கில்தான் சொல்வார்கள், நாலு பரப்பு, எட்டுப் பரப்பு என்று. இதைக் கல்யாணம் பேசும்போதே சொல்லியிருக்கலாம். மலாய்க்காரர்கள் பாடு என்கிறார்கள், நான் பாடப் போகிறேன். நீங்கள் பரப்பு என்கிறீர்கள், நான் பரப்பப் போகிறேன். கணக்குக்கு வைத்த பெயரெல்லாம் வேலை ஏவுகிற மாதிரி இருந்தால் என்னைப் போன்ற சொன்ன சொல் கேட்கிறவர்கள் என்ன செய்வது? வலது செருப்பு அன்றைக்கே கிடைத்தது. இடதைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

கார் வெளியே போக வழியில்லை. இரவு தங்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் தாங்கள் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே, "அம்மா, விளங்கிக்கொள்ளுங்கோ. மீட்டருக்கு நூறு. சதுர மீட்டருக்குப் பத்தாயிரம். கன மீட்டருக்குப் பத்து லட்சம். ஒண்டுக்குப் பின்னால ஆறு சைபர்" என்றீர்கள். நான் ஏன் வாயைத் திறந்தேனோ. "சைபர்னா கோசோங்தானே? கோசோங்னா ஒண்ணுமில்ல. ஒங்க கோப்பியில ஒரு கோசோங் போட்டதுக்கே சீனி இல்லாமப் போச்சு. ஆறு கோசோங் போட்டா கோப்பியே இருக்காது. எப்படி அது கூடும்?" தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். துடைத்ததையே மறுபடி துடைத்தீர்கள்.

அப்போதுதான் சம்பந்தியம்மா கொண்டுவந்திருந்த தொதல் இனிப்புத் தட்டை எடுத்து வந்தார்கள். "ராக்காயியம்மா, இந்தப் பக்கமாப் பத்து வரிசை, அந்தப் பக்கமாப் பத்து வரிசை வெட்டுறன். எத்தினை துண்டு வரும்?" "இருபது." "எண்ணுங்கோ." எண்ணினேன். தர்மினி நடுவில் இரண்டு துண்டை வாயில் போட்டுக் கணக்கைக் கெடுத்தாள், இருந்தாலும் எண்ணினேன். இருபதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தின்றதையும் சேர்த்து நூறு. "இதே மாதிரி பத்துத் தட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினால்?" என்றார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பத்து சேர்ந்தால் இருபது, இரண்டு பத்து சந்தித்தால் நூறு, மூன்று பத்து சந்தித்தால் ஆயிரம். சேருவது வேறு, சந்திப்பது வேறு. இத்தனை வருசம் நான் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்! உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "கத்தி உங்களது, தட்டு உங்களது, எப்படி வேணும்னாலும் வரும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே போய்ப் பலகையில் புளியை வைத்து வெட்டிப் பார்த்தேன். நூறு வரவில்லை, புளி ஒட்டிக்கொண்டது. ஆனாலும் விளங்கிவிட்டது. அந்தக் குழிக்கு உண்மையில் வேண்டியது பத்தில் ஒரு பங்கு பாடுதான், இருபது லிட்டர் வாளியில் ஐந்து வாளி, நான் வரவழைத்தது அதைப் போல நூறு மடங்கு என்று தாங்கள் சொன்னபோது, தட்டும் தொதலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தாங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு, வாளியைத் தூக்கினீர்கள். தப்பாக நினைக்கக் கூடாது, அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டத்தில் குச்சியை விட்டுப் பாலை அளந்து கணக்கெழுதிய கிராணிமார் எல்லாம் உங்கள் ஆட்கள். பாலைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றவர்கள் எங்கள் ஆட்கள். அளக்கிறது உங்கள் பரம்பரை, சுமக்கிறது எங்கள் பரம்பரை. அன்றைக்குத்தான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ண, தாங்கள் சுமந்தீர்கள். "சம்பந்தி, வாளி தலை தட்டல, அதைக் கணக்குல சேக்க மாட்டேன்" என்று நான் சொன்னதற்கு, "சரிங்கோ கிராணியம்மா" என்றீர்களே, தெருவே சிரித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பூத்தொட்டிகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். குமுதா குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியையே கொண்டுவந்துவிட்டாள். தர்மினி ஒவ்வொரு தொட்டிக்கும் எத்தனை லிட்டர் என்று உங்களிடம் சொல்ல, தாங்கள் பிழை பிடிக்கப் பார்த்துப் பிடிக்க முடியாமல் அவள் தலையில் மண்ணைத் தூவினீர்கள். பதினாறு வருசச் சம்பந்தத்தில் தாங்கள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைவாயில் ஒரு தங்கப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். கார் வெளியே போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடம், இனி அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்று பெட்டியையும் மட்டையையும் இறக்கி வைத்துவிட்டுப் போனீர்கள்.

அந்த அடுத்த சனிக்கிழமை நாளை மறுநாள். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாருங்கள். எல்லாச் சனிக்கிழமையும் வாருங்கள். ஆனால் பிள்ளையைக் கொண்டுபோக வர வேண்டாம், பிள்ளையிடம் வாருங்கள். அவளுக்குக் கணக்கு தெரியவில்லை என்றால், தெரியாத பிள்ளையைப் பாதி வருசத்தில் பிடுங்கி நடுவது மண்ணோடு எடுக்காத செடியை நடுவது மாதிரி. அவள் பாவம், சூதுவாது தெரியாதது. ஒரு லாரி மண் எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் அம்மாச்சி சொன்ன பத்தை அப்படியே சொல்லிவிட்டு, மலையைப் பார்த்ததும் சுவரோரம் நின்று அழுத பிள்ளை. அவளிடம் நான் இனி கணக்கைப் பற்றி வாயே திறக்கமாட்டேன், என் தையல் டேப்பை வேண்டுமானால் தங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு. தொதல் தட்டு என்னிடம் இருக்கிறது, வெறும் தட்டாகத் திருப்பித் தர மாட்டேன். தங்கள் குடும்பம் ஆல் போலத் தழைத்து, பேரன் பேத்திகள் சேர்ந்தால் இருபதாகவும் சந்தித்தால் நூறாகவும் பெருகி, இடுப்பு வலி மட்டும் கோசோங் ஆகி, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
ராக்காயி (ஐந்தாம் வகுப்பு, முதல் மாணவி)

பின்குறிப்பு: தங்கள் இடது செருப்பு கிடைத்துவிட்டது. கடிதத்தை ஒட்டப் போகும்போது தனேஷ் மிச்ச மண்ணை அள்ளிப்போக வந்தான், அவன் மண்வெட்டியில்தான் அது ஏறி வந்தது. அவன் பத்து காஜா பக்கம் போகிறானாம், செருப்பையும் கடிதத்தையும் அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஆனால் அவன் சொன்ன ஒன்றை எழுதாமல் ஒட்டினால் எனக்குத் தூக்கம் வராது. "ஏம்ப்பா, கெழவி தெரியாம பத்துன்னு சொன்னா, பெரிய லாரி ஓட்டுற நீயாவது யோசிக்க வேணாமா?" என்று கேட்டேன். அவன் சொல்கிறான்: "நான் யோசிச்சேன்மா. ஒங்க பேத்திகிட்டயே குழி அளவைக் கேட்டு, பூச்செடிக்கு அஞ்சு வாளி போதுமேன்னு சொன்னேன். அது என்னா சொல்லுச்சு தெரியுமா? 'தெரியும்ணே, பாய்ண்ட் ஒன் பாடுதான். ஆனா எங்க கேட் பத்தடி. அதை அடைக்கணும். எவ்வளவு வேணும்?'னு கேட்டுச்சு. நான் அஞ்சு பாடு போதும்னேன். 'இல்லண்ணே, கொட்டினா கூம்பு மாதிரி சரியும், ஓரம் மெலிஞ்சிரும், கார் அது மேல ஏறிப் போயிரும். பத்து போடுங்க'ன்னு சொல்லுச்சு. நான் வீட்டுல போயி கணக்கு போட்டுப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு லா. காலையிலயே வாரேன்னதுக்கு, வேணாம், பத்து காஜா அப்பப்பாவோட கார் உள்ள போய், அவர் சாப்பிட்டு முடிச்ச பெறகு வாங்கன்னுச்சு."

அழுதாள் என்று நாம் நினைத்த அந்தத் தோள் குலுங்கல் பற்றித் தாங்களே இனி முடிவு செய்துகொள்ளுங்கள். கூப்பிட்டுக் கேட்டேன். "பரீட்சையில தப்பாப் போச்சுல்ல அம்மாச்சி, அதான் அன்னைக்கு ராத்திரியே ஒக்காந்து எல்லாத்தையும் படிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஆகவே மேலே எழுதியதில் "பாவம்" என்ற இடத்தையும் "சூதுவாது தெரியாதது" என்ற இடத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கணக்கு தெரியவில்லை என்று பிள்ளையை அழைத்துப்போக இனி காரணம் இல்லை. இருந்தாலும் அழைத்துப்போவதானால் தங்கள் விருப்பம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இன்று காலை பல் துலக்கிக்கொண்டே, பத்து காஜாவில் உங்கள் வீட்டுக் கேட் எத்தனை அடி என்று என்னிடம் கேட்டாள்.